நழுவும் வெளிச்சம்

குன்றத்தூர் முருகனைப் பார்க்க 84 படி ஏறணும். பழனியைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. கீழே சேக்கிழார் பிறந்த ஊர். சோழனுக்கு மந்திரியாக இருந்தவர் அவர். ஆக, ஆபீஸ்காரர்களுக்கும் இங்கே ஒரு முன்னோர் உண்டு.

சாமி கும்பிட்டாச்சா? அப்படியே மேற்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற கம்பெனி பஸ்களைக் கவனியுங்கள். அந்தப் பக்கம் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் 2024 ஜனவரியில் ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை திறந்தது. வருஷத்துக்கு 3.3 கிகாவாட் அளவுக்கு சோலார் பேனல் செய்கிற திறன். ஒரு முனையில் வெறும் கண்ணாடி நுழைகிறது. சுமார் 4 மணி நேரத்தில் மறுமுனையில் பேனலாக வெளியே வருகிறது.

சூட்சுமம் பூச்சில் இருக்கிறது சார். காட்மியம் டெல்லூரைடு. சில மைக்ரான் கனம்தான், தலைமுடியில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. சிலிக்கன் பேனலுக்கோ 150 மைக்ரான் வேண்டும். ஏன்? சிலிக்கனில் ஒரு எலெக்ட்ரானைக் கிளப்ப வெளிச்சம் மட்டும் போதாது, அணுக்களின் அதிர்வும் ஒத்துழைக்கணும். சர்க்கார் ஆபீஸில் இரண்டு கையெழுத்து வாங்குகிற மாதிரி, ஃபைல் மெதுவாகத்தான் நகரும். காட்மியம் டெல்லூரைடில் ஒரே கையெழுத்து. வெளிச்சம் பட்டதும் வேலை முடிந்தது!

இதற்கு நேர் எதிர் சுபாவம், ரோட்டோரம் புதைத்திருக்கும் ஃபைபர் கேபிளுக்கு. வெளிச்சத்தைத் தொடாமல் அனுப்பி வைப்பதுதான் அதன் உத்தியோகம். நடுவில் 9 மைக்ரான் கண்ணாடி, சுற்றிலும் ஒளியைச் சற்றே குறைவாக வளைக்கிற இன்னொரு கண்ணாடி. உள்ளே போன வெளிச்சம் ஓரத்தில் மோதி மோதித் திரும்பி, 15 கிலோமீட்டர் தாண்டியும் பாதி மிஞ்சும்.

ஆனால் கடைசியில் பிடித்தாகணுமே! அந்த அகச்சிவப்பு வெளிச்சம் சிலிக்கனுக்குள் தடையில்லாமல் போய்விடும், ஜெர்மானியம் பிடிக்கும். அதிலும் சிக்கல். படலம் தடித்தால் எலெக்ட்ரான் வெளியே வரத் தாமதம். மெலிந்தால் வெளிச்சம் நழுவும். டிக்கெட் பரிசோதகர் என்ன செய்கிறார்? ஸ்டாப்பில் நின்றால் பாதிப் பேர் நழுவுவார்கள் என்று பஸ்ஸுக்குள்ளேயே ஏறிக்கொள்கிறார். அதே வித்தைதான். சில்லுக்குள் வெளிச்சம் ஓடுகிற பாதைமேல் மெல்லிய படலத்தை நீளவாக்கில் ஒட்டிவிடுகிறார்கள். பாதையிலிருந்து லேசாகக் கசிகிற வெளிச்சத்தைப் படலம் போகப் போக உறிஞ்சிக்கொள்ளும். இந்த வகைச் சில்லுகளுக்கென்றே நம் கிண்டி ஐ.ஐ.டி.யில் ஒரு சிலிக்கன் போட்டானிக்ஸ் மையம் இருக்கிறது.

பிள்ளைப்பாக்கத்துக்கு வருவோம். காட்மியம் விஷம். டெல்லூரியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் லேசில் கரையாது என்பது ஆறுதல். பழைய பேனலை உடைத்து மீட்கும் பிரிவும் அங்கேயே உண்டு, ஆலைக்குச் சுத்திகரித்த கழிவுநீர்தான் என்கிறது கம்பெனி. நல்லது. ஆனால் சென்னை குடிக்கிற செம்பரம்பாக்கம் ஏரியும் இதே வட்டாரம்தான். 25, 30 வருஷம் கழித்துப் பேனல்கள் மொட்டைமாடிகளிலிருந்து இறங்கும்போது, அவை இந்த ஆலைக்கு வருமா, பேரீச்சம்பழ வண்டிக்குப் போகுமா?