மினுக்கும் வெள்ளிப் பெட்டி... உள்ளே ஈரம்!

கார் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கட்டுப்பாடு உள்ள ஜனங்கள், விடியற்காலையில் சாப்பாட்டு டப்பாவோடு சைக்கிளில் கிளம்பிப் போய் சொகுசு வண்டி செய்கிறார்கள். சாயங்காலம் குடும்பத்தோடு குதிரை வண்டியில் கடைக்குப் போகிறார்கள். அப்படி ஓர் ஊர் இருக்கிறது ஸார், அமெரிக்காவிலேயே!

இந்தியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட். சிகாகோவிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரக் கார் பயணம். இரண்டு பக்கமும் சோளக்கொல்லை. அதற்கு நடுவே திடீர் திடீரென்று தகரக் கொட்டகை போட்ட பெரிய பெரிய ஃபாக்டரிகள். வாசலில் வரிசையாகப் புத்தம்புது வண்டிகள். பக்கத்து ரோட்டில் கறுப்புக் குதிரை வண்டி டக்டக் என்று போகிறது. உள்ளே தாடி வைத்த மனிதர், தொப்பியோடு. ஆமிஷ் இனத்தவர். காரும் வேண்டாம், கரண்டு கம்பி இணைப்பும் வேண்டாம் என்று வாழ்கிறவர்கள். கை வேலையில் மன்னர்கள். அதனால் வண்டிக் கம்பெனிகள் அவர்களைக் கொத்திக்கொண்டு போய்விட்டன.

என்ன வண்டி என்று சொல்லவில்லையே... ஆர்.வி. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்த வீட்டுக்குச் சக்கரம் கட்டினால் ஆர்.வி. தானே ஓடினால் மோட்டார் ஹோம். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போனால் டிரெய்லர். அமெரிக்காவில் புதிதாக வருகிற ஆர்.வி.க்களில் பத்துக்கு எட்டு இந்தியானாவில் செய்வதுதான். பெரும்பாலும் இந்த எல்க்ஹார்ட் வட்டாரம். ஊரில் இதற்கென்றே மியூசியம் வைத்திருக்கிறார்கள். 1913-ல் செய்த மர டிரெய்லர் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது.

ஒரே தொழிலை நம்பிய ஊருக்கு என்ன ஆகும் என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். 2009-ல் அமெரிக்கப் பொருளாதாரம் படுத்தபோது இங்கே வேலையில்லாதவர்கள் 20 சதவீதத்தை நெருங்கினார்கள். பதவியேற்ற மூன்றாவது வாரமே ஒபாமா ஓடி வந்து ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கொரோனா வந்தது. ஓட்டலில் தங்கப் பயம், விமானத்தில் ஏறப் பயம். ஆளாளுக்கு ஆர்.வி. வாங்கினார்கள். 2021-ல் மட்டும் 6 லட்சம் வண்டி! 2023-ல் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இப்படி ஏறி இறங்குகிற ஊரில், ஏறிக்கொண்டே போகும் இன்னொரு வியாபாரமும் உண்டு. பழசு. அதிலும் 'ஏர்ஸ்ட்ரீம்' பழசு.

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துச் சேர்த்த, பெரிய வெள்ளிக் குப்பி மாதிரியான டிரெய்லர். வாலி பையம் என்பவர் 1930-களில் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த கம்பெனி. 1952-லிருந்து பக்கத்து மாநிலமான ஒஹையோவில் ஜாக்ஸன் சென்டர் என்ற குட்டி ஊரில் செய்கிறார்கள். மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. 1959-ல் தன்னிடம் வண்டி வாங்கியவர்களைத் திரட்டி, ஆப்பிரிக்காவின் தென்கோடி கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை வரிசை கட்டி இழுத்துக்கொண்டு போனவர். 1969-ல் நிலாவுக்குப் போய் வந்த ஆர்ம்ஸ்ட்ராங் கோஷ்டியை, ஏதாவது கிருமி ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்று ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்தார்களே, அதுவும் ஏர்ஸ்ட்ரீமை மாற்றிச் செய்ததுதான். அப்படி நான்கு பெட்டிகள். அதில் ஒன்று பின்னாளில் எங்கே கிடைத்தது தெரியுமா? அலபாமா மாநிலத்தில் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணையில்!

நான் பி.காம். தேய்மானம் கணக்குப் போட்டே மூன்று வருஷம் தேய்ந்தவன். வண்டி என்றால் வருஷா வருஷம் விலை இறங்கும் என்றுதான் எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். ஐம்பது வருஷத்து அலுமினியப் பெட்டி புது விலையைவிட அதிகமாக விற்கும் என்பது அவருடைய பாடத்திட்டத்திலேயே இல்லை.

என் மாமா பையன் அந்த வட்டாரத்தில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள். அவனுக்கு இந்த வெள்ளிப் பெட்டி மேல் காதல். நான் போய் இறங்கிய வாரம் ஒரு 1976 மாடலைப் பார்த்து வைத்திருந்தான். 31 அடி. விலை 18,000 டாலர். நம் பணத்தில் பதினைந்து லட்சத்துக்கு மேல். வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்த காசிலிருந்து எடுப்பதாக ஏற்பாடு. தங்கச்சி இரண்டு நாளாக அவனோடு பேசவில்லை.

"மச்சான், ஒரு தடவை வந்து பாரு. முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம். அப்படிப் பளபளக்குது!"

போனோம். பொய் சொல்லக்கூடாது, பளபளத்தது. மேகம் ஓடுவது தெரிந்தது. என் தொப்பை அகலமாகத் தெரிந்தது. உள்ளே புது மெத்தை, புது வினைல் தரை, எலுமிச்சை வாசனை. மாமா பையன் செக் புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

நல்லவேளை, கூட ஒருவரை அழைத்து வந்திருந்தான். எழுபது வயதுக் கிழவர். வாலிப வயதெல்லாம் டிரெய்லர் ஃபாக்டரியில் கழித்துவிட்டு, இப்போது வீட்டுக் கொல்லையில் பழைய வண்டிகளுக்கு உயிர் கொடுப்பவர். அவர் பளபளப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போனார். பம்பர் மேல் ஏறி நின்றார். ஏறி நின்று... குதித்தார்!

விற்பவர் முகம் மாறியது. கிழவர் எங்களைக் கூப்பிட்டு, "உடம்பைப் பாருங்கள், பம்பரைப் பாருங்கள்" என்றார். அவர் குதிக்கும்போது பம்பர் கீழே போய் வந்தது. அலுமினிய உடம்பு அசையாமல் அப்படியே நின்றது. நடுவில் விரல் நுழைகிற இடைவெளி திறந்து திறந்து மூடியது.

அதாவது விஷயம் இதுதான். இந்த வண்டிக்கு அடியில் இரும்புச் சட்டம். அதன் மேல் பிளைவுட் தரை. தரையின் ஓரத்தில் அலுமினியக் கூட்டைப் போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள். எங்கோ கூரையில் ஒரு ஓட்டை. ஊசிமுனை போதும். தண்ணீர் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே சத்தமில்லாமல் இறங்கி, அங்கே அடைத்திருக்கும் கண்ணாடிப் பஞ்சில் ஊறி, கடைசியில் பிளைவுட் ஓரத்துக்கு வந்து சேரும். வருஷக்கணக்கில் ஊறினால் பிளைவுட் பிட்டு மாதிரி உதிரும். பிறகு போல்ட் எதைப் பிடித்துக்கொள்ளும்? உடம்பு தனி, சட்டம் தனி. எழுபதுகளில் வந்த நீள வண்டிகளுக்கு இது பரம்பரை வியாதி மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஹைவேயில் அறுபது மைல் வேகத்தில் இழுத்துப் போகும்போது தெரியும். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள்.

கிழவர் இதோடு விடவில்லை. பாக்கெட்டிலிருந்து கூர் ஊசி ஒன்றை எடுத்தார். கதவுக்குக் கீழே, முன் ஜன்னலுக்குக் கீழே, பாத்ரூம் மூலையில் - புது வினைலை ஓரத்தில் தூக்கிவிட்டுக் குத்திப் பார்த்தார். கதவுப் பக்கம் ஊசி நின்றது. பாத்ரூம் மூலையில் வெண்ணெயில் இறங்குவது மாதிரி கைப்பிடி வரை இறங்கியது. எலுமிச்சை வாசனையின் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

டயரும் கறுப்பு பாலிஷில் ஜொலித்தது. கிழவர் குனிந்து பக்கவாட்டில் இருந்த எண்ணைக் காட்டினார். கடைசி நான்கு இலக்கம் 2311. 2011-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். மேலே கட்டை தேயாமல் இருந்தாலும் உள்ளே ரப்பர் கிழடு தட்டியிருக்கும். (நம் வண்டி டயரிலும் இந்த எண் இருக்கிறது. ஆபீஸ் விட்டுப் போகும்போது குனிந்து பாருங்கள். பக்கத்து ஸ்கூட்டர்காரர் சந்தேகமாகப் பார்த்தால் நான் பொறுப்பில்லை.)

இதைச் சரிசெய்ய முடியாதா? முடியும். சட்டத்திலிருந்து கூட்டையே தொப்பியைக் கழற்றுவது மாதிரி தூக்கி, இரும்பை வெல்டு வைத்து, தரை முழுக்கப் புது பிளைவுட் போட்டு மறுபடி இறக்க வேண்டும். வாங்கிய விலைக்கு மேல் இன்னொரு விலை.

செக் புத்தகம் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை.

கிழவர் தன் கொல்லைக்கு அழைத்துப் போனார். அங்கே ஆறேழு டிரெய்லர் கிடந்தன. ஓரத்தில் ஒரு 1972 மாடல், 25 அடி. அந்தக் கால ஏர்ஸ்ட்ரீம்களுக்கு ஃபாக்டரியிலேயே அலுமினியம் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு அடித்து அனுப்புவார்கள். இதில் அது வெயிலில் உரிந்த தோல் மாதிரி திட்டுத் திட்டாகத் தொங்கியது. மேலெல்லாம் பாசி. உள்ளே எலிப் புழுக்கை. மாமா பையன் மூக்கைப் பொத்தினான். கிழவர் ஊசியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். ஒவ்வொரு மூலையாகக் குத்தினான். எங்கேயும் இறங்கவில்லை. பம்பரில் நானே ஏறிக் குதித்தேன். (என் எடைக்கு அது அக்னிப் பரீட்சை.) உடம்பும் சேர்ந்தே ஆடியது. விலை 6,500.

தங்கச்சி வந்து பார்த்தாள். "இந்தக் குப்பைக்கா?" என்றாள். ஆனாலும் பேசிவிட்டாளே! மாமா பையன் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

அடுத்த ஒரு வாரம் என் அமெரிக்கச் சுற்றுலா அந்தப் பெட்டிக்குள்தான் நடந்தது. நயாகராவை இன்னும் நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் எலி. துடைப்பத்தை எடுத்தவனைக் கிழவர் அதட்டினார். எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாதாம். தூசியோடு கிளம்பி மூச்சில் போனால் ஹான்டா வைரஸ் என்ற பொல்லாத நோய் வரலாம். அரை மணி நேரம் கதவு ஜன்னல் திறந்து வைத்து, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, ஈரமாகவே துடைத்து அள்ள வேண்டும். அள்ளினோம். மூன்று பை.

பிறகு தண்ணீர்த் தொட்டிகள். குடிநீர்த் தொட்டிக்கு 60 லிட்டர் தண்ணீருக்குக் கால் கப் பிளீச் கணக்கில் ஊற்றி, குழாய் எல்லாவற்றிலும் ஓடவிட்டு, சில மணி நேரம் வைத்து, வாசனை போகிறவரை அலசினோம். இது நல்ல தொட்டி. கழுவிய தண்ணீர் போய்ச் சேருவது சாம்பல் தொட்டி. கறுப்புத் தொட்டி என்று இன்னொன்று உண்டு. அதில் என்ன சேரும் என்று சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். ஆனால் அதன் சாஸ்திரத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். அதன் வால்வை எப்போதும் மூடியே வைக்க வேண்டும். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும். மிச்சம் உள்ளே கோபுரமாக நிற்கும். பிறகு எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது. காலி செய்யும்போது முதலில் கறுப்பு, அப்புறம் சாம்பல். சோப்புத் தண்ணீர் கடைசியில் வந்து ஓஸ் பைப்பை அலசிக்கொண்டு போகும்.

வெளியே கழுவ மாமா பையன் பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுக்கப் போனான். கிழவர் விடவில்லை. அந்த வேகத்தில் அடித்தால் தகட்டு இணைப்பு, ஜன்னல் ரப்பர் வழியாகத் தண்ணீரை நாமே உள்ளே ஏற்றிவிடுவோமாம். வாளி, சோப்பு, மெத்தென்ற பிரஷ். மாக்கல் சட்டி தேய்க்கிற மாதிரி தேய்த்தோம்.

"பளபளப்பு எப்போது?" என்று மாமா பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். கிழவர் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் செய்து காட்டினார். ரசாயனம் தடவிப் பழைய பூச்சை உரித்தார். பாலிஷ் மாவைத் தடவி மெஷினை ஓட்டினார். மாவு மை மாதிரி கறுத்தது. துடைத்தால், அந்த வட்டத்துக்குள் மூன்று பேர் முகமும் தெரிந்தது. "25 அடி முழுக்க இப்படி. வாரக்கணக்கு ஆகும். உப்புத்தாள் மட்டும் போடாதே. இந்தத் தகட்டின் மேலே மெல்லிசாகச் சுத்த அலுமினியம் ஒட்டியிருக்கிறது. அதுதான் மினுக்கும். தேய்த்துத் தொலைத்தால் திரும்பி வராது. ஆனால் இதெல்லாம் கடைசி வேலை. முதலில் கூரை."

கூரைக்கு அவர் செய்த சோதனைதான் எனக்குப் பிடித்தது. ஜன்னல்களை மூடி, கூரைத் திறப்பில் பெரிய காற்றாடியைப் பொருத்தி, உள்ளே காற்றை அடைத்தார். வெளியே நாங்கள் ஏணியில் நின்றுகொண்டு சோப்புத் தண்ணீரைத் தெளித்தோம். அச்சு அசல் நம்ம ஊர் பஞ்சர் கடை! ஓட்டை இருந்த இடத்தில் எல்லாம் குமிழி கிளம்பியது. விளக்கு மாட்டிய இடத்தில், ஜன்னல் மேல்விளிம்பில், ஒரு ரிவெட் தலையில், போன சொந்தக்காரர் சிலிக்கான் பசையை அள்ளிப் பூசியிருந்த இடத்தில். (சிலிக்கான் என்றாலே கிழவர் கெட்ட வார்த்தை பேசுகிறார். ஒரு தடவை பூசிவிட்டால் அதன் மேல் வேறு எந்தப் பசையும் ஒட்டாதாம். பிளேடு வைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.) குமிழி வந்த இடத்தையெல்லாம் பெரிய பையன் சாக்பீஸால் வட்டம் போட்டான். தங்கச்சியும் ஏணியில் ஏறிவிட்டாள். இன்னொன்று, இன்னொன்று என்று அவள்தான் அதிகம் கண்டுபிடித்தாள்.

மொத்தம் 23 வட்டம். ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் 11-ஐ சுரண்டி அடைத்தோம். திங்கட்கிழமை காலை எனக்கு சிகாகோவில் விமானம். நான் கிளம்பும்போது மாமா பையன் கூரை மேல் குப்புறப் படுத்துக்கொண்டு பன்னிரண்டாவதைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.