ஒரே இனிஷியல், ரெண்டு தாத்தா!

தூத்துக்குடியிலிருந்து ஓட்டப்பிடாரம் பஸ் ஏறும்போது என் பையில் மூன்றே சாமான்கள். ஒரு பழைய தீர்வை ரசீது, ஆச்சிக்கு மக்ரூன் பொட்டலம், கொஞ்சம் பேராசை.

ரசீதில் இருந்த பெயர் சு.மு. அது என் தாத்தா. அப்பா மு.சு. நான் மறுபடி சு.மு.! பி.காம். படித்தவனுக்கு இரட்டைப் பதிவு முறை தெரியும். குடும்பமே இரட்டைப் பதிவாக இருந்தால் என்ன செய்வான்? கருவேலம் மண்டிய ஒன்றேகால் ஏக்கர் புஞ்சை. விற்றால் என் வீட்டுக் கடனில் பாதி அடையும்.

இந்த ஊரே அப்படித்தான் சார். பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் என்றால் நமக்கு சிவாஜி ஒருத்தர்தான். ஆனால், 1799-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனின் அப்பாவும் கட்டபொம்மன்தான், ஜெகவீர கட்டபொம்மன். 1872-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யின் அப்பா உலகநாதன். வ.உ.சி. தன் மகன் ஒருவருக்கு வைத்த பெயரும் உலகநாதன். 'பெயரன்' என்பதுதானே பேரன் ஆனது!

ஜெர்மன்காரர்களும் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. இசைமேதை பாக்கின் முழுப்பெயர் யோஹான் செபாஸ்டியன். அண்ணன் யோஹான் கிறிஸ்டோஃப். சித்தப்பாவும் யோஹான் கிறிஸ்டோஃப்! அமெரிக்காவுக்குக் குடிபோன ஜெர்மன் குடும்பங்களின் வாரிசுகள், எந்த யோஹான் நம்ம யோஹான் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆச்சி திண்ணையில் இருந்தாள்.

"வாய்யா பெரியவனே!"

என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. புருஷன் பெயரை எப்படி வாயால் சொல்வது? எனக்கும் அதே பெயராகப் போச்சே!

ரசீதை வாசித்துக் காட்டினேன்.

"எந்தப் புஞ்சைல?"

"வடக்குப் புஞ்சை ஆச்சி."

"அது அவுக இல்லலே. சுருட்டுக்காரர்."

"யாரு அது?"

"அவுக பெரியப்பா மவன். ரெண்டு பேருக்கும் பாட்டன் பேரை வச்சிட்டாக. தகப்பன்மாருக்கும் ஒரே எழுத்து. நான் பேர் சொல்லலாமா? அவரைச் சுருட்டுக்காரர்னுதான் சொல்லுவேன். பாகம் பிரிக்கையில வடக்கு அவருக்கு, கிழக்கு நமக்கு. கிழக்கை வித்துத்தான் உங்கப்பனைப் படிக்க வச்சேன்."

போச்சு! அரை நிமிஷத்தில் என் ஒன்றேகால் ஏக்கர் காலி.

பத்திரங்கள் எல்லாம் அப்பன் பெயர், மகன் பெயர் என்று பெயரையே நம்புகின்றன. பெயரை உச்சரிக்கக் கூடாத பெண்களோ சுருட்டு, நிறம், நடை என்று ஆளைப் பார்த்து அடையாளம் வைத்தார்கள். குழம்பாதவர்கள் அவர்கள்தான். அந்தப் பெண்களின் பெயர் ஒரு பத்திரத்திலும் இல்லை.

வ.உ.சி. இன்னொரு மகனுக்கு வாலேசுவரன் என்று வைத்தார். பறிபோன வக்கீல் சன்னத்தைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸுக்கு நன்றியாக. அந்த ஒரு பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. யாரோடும் குழம்பாது.

சாயங்காலம் சுருட்டுக்காரர் பேரனைத் தேடிப் போய் ரசீதைக் கொடுத்தேன். "நீங்க யாருண்ணே?" என்றான்.

பெயரைச் சொன்னேன்.

"அட, என் பேரும் அதான்!"

கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "ஆச்சி, உங்க பேரு என்ன?" என்று கேட்டேன். இத்தனை வயசுக்கு முதல் தடவையாக.

சொன்னாள். ரசீதின் ஜெராக்ஸ் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.