காகிதத்தில் பிறந்த கல் வாசல்

தோட்டத்து முகப்பில் ஜாகா கொட்டகையும் குறுக்குக் கட்டையும் நீங்கள் பார்த்துப் பழகியவைதாம். நான் பிறந்த தோட்டத்தில் ஜாகா தாத்தா அங்கேயே சமைப்பார், அங்கேயே உறங்குவார். அவரைப் போன்ற ஒரு காவல்காரருக்குக் கிடைத்த வீட்டைப் பாருங்கள்.

அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் மாவட்டத்தில் டுரோமானா என்றொரு பெரிய பண்ணை. ஃபினிஸ்க் ஆற்றுப் பாலத்தின் முனையில் அதன் வாசல் நிற்கிறது. நடுவே கூர்முனை வளைவு. மேலே வெங்காய வடிவில் பச்சைக் குவிமாடம். சுற்றிலும் ஒல்லியான ஸ்தூபிகள். வளைவை ஒட்டிக் காவல்காரருக்குச் சிறு அறைகள். இதை ‘இந்து கோத்திக்’ பாணி என்கிறார்கள். பெயரைக் கேட்டு நம் கோபுரத்தைத் தேடாதீர்கள்! குவிமாடமெல்லாம் மொகலாயர் சாயல். ஜான் நாஷ் 1815 முதல் 1822 வரை உருமாற்றிய பிரைட்டன் அரண்மனையின் வழி வந்தது. 1910-இல் திறந்த கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும்.

இந்த வாசலை முதலில் எழுப்பியது துரை அல்லர், குத்தகைக் குடிகள். 1826-இல் பண்ணை முதலாளி ஹென்றி வில்லியர்ஸ் ஸ்டூவர்ட், கத்தோலிக்கர் உரிமைக்காகத் தேர்தலில் நின்றார். ஏழைக் குடியானவர்கள் தங்கள் நிலச்சுவான்தார்களையே எதிர்த்து அவருக்கு வாக்களித்து வெற்றி பெறச் செய்தார்கள். அதே ஆண்டு அவர் வியன்னா நகரத்துப் பெண்ணை மணந்தார். புதுமணத் தம்பதிகளை வரவேற்க, குடிகள் மரத்தாலும் காகிதக் கூழாலும் ஓர் அலங்கார வாசல் கட்டினார்கள் என்பது அவ்வூர்க் கதை. நம்மவர் துரை வருகிறாரென்று குருத்தோலைத் தோரணம் கட்டவில்லையா, அதுபோல! தம்பதிகள் அதில் மயங்கி, அப்படியே நிரந்தரமாகக் கட்டச் சொன்னார்களாம்.

மார்ட்டின் டே என்பவர் வரைந்த வாசல் படம் 1849-ஐச் சேர்ந்தது. அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1829-லேயே சட்டம் மாறி, 40 ஷில்லிங் நிலமுள்ள ஏழைகளின் வாக்குரிமை பறிபோயிற்று. 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, நாடெங்கும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். காகித வாசல் கட்டிய கைகளில் எத்தனை மிஞ்சினவோ!

பாழடைந்து கிடந்த வாசலை 1960களில் ஐரிஷ் ஜார்ஜியன் சங்கத்தார் செப்பனிட்டு மீட்டார்கள்.

எங்கள் ஜாகா கொட்டகை இருந்த இடம் இன்று வீடமைப்புப் பகுதியின் முச்சந்தி. அதன் புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. உங்கள் தோட்டத்து வாசல் எங்காவது ஒரு கல்யாணப் படத்தின் பின்னணியில் விழுந்திருக்கும். பெட்டியைத் திறந்து தேடிப் பாருங்கள். கிடைத்தால் பின்புறத்தில் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.