எரிபோல் கரையில் இரவு நிறுத்தம்

மாலை எட்டரை மணி. வெயில் இன்னும் எதிர்மலையை விட்டு இறங்கவில்லை. ஸ்காட்லாந்தின் வடகோடியில் மே மாதக் கடைசியில் சூரியன் மறையப் பத்து மணி ஆகிவிடும். மறைந்த பிறகும் வானம் முழுசாக இருட்டாது. மலைகளுக்கு நடுவே கடல் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் உள்ளே புகுந்து கிடக்கிறது. லோக் எரிபோல் என்று பெயர். அதன் மேற்குக் கரையில் லெய்ட் என்ற சிற்றூர். விட்டு விட்டுச் சில வீடுகள், கல் மண்டிய மேய்ச்சல் நிலம், ஆடுகள், வீடுகளுக்குக் கீழே ஏ838 சாலை. நான் தங்கியிருந்த அறையின் சன்னல் அந்தச் சாலையைப் பார்த்தது. சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் சரளை பரப்பிய ஓர் ஒதுக்கிடம் இருக்கிறது. மூன்று நான்கு வண்டிகள் நிற்கலாம்.

முதலில் வந்தது பழைய வெள்ளை மோட்டார்ஹோம், சக்கரம் வைத்த வீடு. வந்ததும் எஞ்சினை நிறுத்தவில்லை. ஓட்டிவந்த பெரியவர் கண்ணாடியை இறக்கி, ஏதாவது தடைப் பலகை இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். இறங்கிச் சரளையைக் காலால் அழுத்திப் பார்த்தார். அவர் மனைவி மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் சரிவுக்கட்டைகள் இரண்டை எடுத்து முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். வண்டி அரைச் சாண் ஏறி நின்றது. முன்கண்ணாடி ஓரத்தில் ஒரு சிறிய ரசமட்டம். அதன் குமிழி நடுவுக்கு வந்ததும் அந்த அம்மா கட்டைவிரலை உயர்த்தினார். பிறகுதான் பெரியவர் சாவியைத் திருப்பினார். அவ்வளவுதான். நாற்காலி இறங்கவில்லை, பக்கவாட்டுப் பந்தல் விரியவில்லை. வண்டி நிற்பது வேறு, முகாம் போடுவது வேறு என்பது இந்த ஊர்ப்பக்கம் நெடுநாள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். கெட்டில் கொதிக்கும் ஆவி சன்னலில் படிந்தது. இருவரும் உள்ளே உட்கார்ந்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் பார்த்தது என்ன என்று எனக்கும் தெரிந்தது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு நீர்நாய்த் தலை போல ஏதோ எழுந்து, நீள்மூக்கும் பெரிய கண்களுமாகச் சீல் ஒன்று இவர்களைப் பார்த்தது. முங்கியது. வேறு இடத்தில் எழுந்தது. இக்கரை மலையின் நிழல் நீரில் மெல்ல நீண்டது. விளக்கு இல்லை, இசை இல்லை. பக்கத்து வண்டிக்காரரின் குறட்டை இல்லை. கட்டணச் சீட்டு இல்லை. இப்படி ஓர் இடத்தில் சக்கரத்தின் மேலேயே படுத்து எழுவதற்காகத்தான் மனிதர்கள் இந்த வண்டிகளை வாங்குகிறார்கள். அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது வண்டி ஒன்பதேகாலுக்கு வந்தது. பக்கவாட்டில் வாடகைக் கம்பெனியின் பெரிய எழுத்து. இளம் ஜோடி. முதலில் அவர்கள் நிறுத்தியது சற்றுத் தள்ளி, வெள்ளைப் பலகை நட்ட இடத்தில். ஒற்றைத் தடச் சாலையில் எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்கி வழிவிட என்று விட்ட இடம் அது. பத்து நிமிடத்தில் ஒரு மீன் லாரி வந்து ஒலி எழுப்பியது. அவர்கள் பதறிக் கிளம்பி, சரளை ஒதுக்கிடத்துக்கு வந்து, இத்தனை இடம் இருந்தும் பெரியவர் வண்டிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தினார்கள். உள்ளிருந்து திரை ஒரு விரற்கடை விலகி மூடியது. அந்தப் பெண் ஏதோ சொன்னாள். வண்டி பின்னால் போய் மறுகோடியில் நின்றது.

நாற்காலிகள் வந்தன. மேசை வந்தது. அலுமினியத் தட்டில் கரி நிரப்பி விற்கிற, ஒருமுறை மட்டும் பயன்படும் அடுப்பு வந்தது. அதைப் பையன் புல்லின் மேல் வைத்தான். இந்தப் புல்லுக்கு அடியில் இருப்பது மண் அல்ல, பீட் என்னும் மக்கிய செடிப்படிவு, அதுவே எரியும். நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர், வீட்டுக்காரம்மா, நாயைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிப்போனதைப் பார்த்தேன். வாசல் கேட்டருகே நின்றிருந்ததால் குரலும் கேட்டது.

“அதைக் கரைக் கல்லின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். போன கோடையில் வைத்த இடம் இதோ, இன்னும் முளைக்கவில்லை.”

புல்லில் சதுரமாக ஒரு கறுப்பு. தட்டின் அளவு அப்படியே தெரிந்தது.

“மன்னியுங்கள். ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் முகாம் போடலாம் என்று படித்தோம்” என்றான் பையன்.

அம்மா பதில் சொல்லவில்லை. தலையை அசைத்துவிட்டு நாயோடு நடந்தார்.

பையன் படித்தது பாதி உண்மை. 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் யாருக்கும் பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் போகவும் தங்கவும் உரிமை தந்தது. நடந்து வருகிறவருக்கு, சைக்கிளில் வருகிறவருக்கு, குதிரையில், படகில் வருகிறவருக்கு. முதுகில் கூடாரத்தைச் சுமந்து வந்தவர் இந்தக் கரையில் அதை விரித்துப் படுக்கலாம். மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை இல்லை. சாலையிலிருந்து 15 கஜத்துக்குள் ஏற்றி நிறுத்துவது குற்றமாகாது என்று 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. பலர் அதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். குற்றமில்லை என்பதால் உரிமை ஆகிவிடாது. நிலத்துக்காரர் போகச் சொன்னால் போகத்தான் வேண்டும். இந்தக் கரையில் இரவு தங்கும் ஒவ்வொரு மோட்டார்ஹோமும் சட்டம் கொடுத்த இடத்தில் நிற்கவில்லை, ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்வதால் நிற்கிறது.

பொறுத்துக்கொள்கிறவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்க்கரையின் நல்ல நிலத்தை 19ஆம் நூற்றாண்டில் பெரிய ஆட்டுப் பண்ணையாக்கியபோது அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய கல்லாங்காடுதான் லெய்ட். இடம் பறிபோன நினைவுள்ள ஊர். அவர்களுடைய சாலை 2015இல் திடீரென்று உலகப் புகழ் பெற்றது. இன்வெர்னஸ் கோட்டையில் தொடங்கி வடகரையைச் சுற்றி அங்கேயே முடியும் 516 மைல் வழிக்கு நார்த் கோஸ்ட் 500 என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தார்கள். 2020 கோடையில், ஊரடங்கு தளர்ந்ததும், வெளிநாடு போக முடியாத கூட்டமெல்லாம் இந்தப் பக்கம் திரும்பியது. கழிப்பிடங்கள் பூட்டியிருந்தன. அந்த ஆண்டைப் பற்றி இங்கே யாரும் அமைதியாகப் பேசுவதில்லை.

பத்து மணிக்குச் சூரியன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றைத் தொட்டது. அங்கே வெள்ளைக் கற்களை அடுக்கி எழுதிய பெரிய எழுத்துகள் உண்டு. இந்த ஆழ்ந்த நீரில் நங்கூரமிட்ட போர்க்கப்பல்களின் மாலுமிகள் தங்கள் கப்பல்களின் பெயர்களை எழுதிவைத்தார்கள். அவற்றில் ‘ஹூட்’ ஒன்று. 1941இல் அது மூழ்கியபோது உயிர் பிழைத்தவர் மூன்றே பேர். 1945 மே மாதத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் 33 சரணடைய வந்ததும் இதே நீருக்குத்தான்.

காலை ஏழு மணிக்குப் பெரியவர் வண்டி கிளம்பத் தயாராகிவிட்டது. கிளம்புமுன் அவர் மனைவி ஒரு பையோடு ஒதுக்கிடம் முழுவதும் நடந்தார். தங்களுடையது ஒன்றும் இல்லை. யாரோ போட்ட பாட்டில் மூடி, ஈரத்தாள், ஒரு காலுறை. பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினார். வண்டி நின்ற இடத்தில் சரளை அழுந்திய தடம்தான் இருந்தது.

எட்டு மணிக்குப் பையன் இறங்கி வந்தான். வண்டியின் பக்கவாட்டில் சிறிய கதவைத் திறந்தான். உள்ளிருந்து சக்கரமும் கைப்பிடியும் வைத்த பெட்டி ஒன்றை ரயில் பயணி சூட்கேஸை இழுப்பதுபோல இழுத்தான். கழிப்பறையின் கேசட் அது. பெரும்பாலும் 17 முதல் 20 லிட்டர் கொள்ளும். இருவர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும். இவனுடையது நிரம்பிவிட்டது என்பதை அவன் அதைத் தூக்கிய விதத்தில் தெரிந்துகொண்டேன். சுற்றிலும் பார்த்தான். சாலையைக் கடந்து, மலையிலிருந்து இறங்கும் ஓடையை நோக்கி இழுத்துவந்தான்.

சமையலறையில் வீட்டுக்காரம்மா கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. அந்த ஓடையின் தண்ணீர்தான் அந்தக் கோப்பையைக் கழுவியது. இப்படித் தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளில் பலவற்றுக்குக் குழாய்த் தண்ணீர் ஊர்ப் பொது இணைப்பிலிருந்து வராது. ஓடையிலிருந்தோ ஊற்றிலிருந்தோ தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

பையன் ஓடைக்கரையில் நின்றான். மூடியின் மேல் கை. கீழே குனிந்து எதையோ பார்த்தான். கற்களுக்கு நடுவே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் குழாய், கட்டைவிரல் பருமன், தண்ணீருக்குள்ளிருந்து வெளிவந்து புல்லின் ஊடே ஓடியது. அது போகும் திசையில் அவன் கண்ணும் போயிற்று. வேலியைத் தாண்டி, ஆட்டுத்தொட்டியைத் தாண்டி, நேரே வீட்டுச் சுவருக்கு. சன்னலில் எங்கள் இருவரையும் பார்த்தானா தெரியாது. பெட்டியைத் திருப்பி இழுத்துக்கொண்டு போனான். அம்மா கோப்பையை அலமாரியில் வைத்தார்.

மதியம் சாமான் வாங்க டர்னஸ் போன வீட்டுக்காரம்மா என்னையும் ஏற்றிக்கொண்டார். சில நூறு பேர் வாழும் ஊர். ஜான் லெனன் சிறுவனாக இருந்தபோது கோடை விடுமுறைக்கு வந்து போன ஊர். சாங்கோ விரிகுடாவின் மேல், செங்குத்துப் பாறையின் விளிம்பில், வண்டிகளுக்கான கேம்ப்சைட் பரந்திருக்கிறது. வேலியோரம் உட்கார்ந்தேன்.

இங்கே உலகம் வேறு. மின்கம்பங்களிலிருந்து ஆரஞ்சு நிற வயர்கள் புல்லில் ஓடி ஒவ்வொரு வண்டிக்குள்ளும் நுழைகின்றன. தீ பரவாதிருக்க வண்டிக்கு வண்டி ஆறு மீட்டர் என்பது பிரிட்டனில் பொது வழக்கம். அந்த ஆறு மீட்டருக்குள்தான் சண்டையும் சமாதானமும். பாத்திரம் துலக்கும் தொட்டியருகே இரண்டு பெண்கள், ஒருவருக்கொருவர் பெயர் தெரியாமலே, தத்தம் மகன்களின் திருமணங்களைப் பற்றிப் பேசி முடித்தார்கள். ஒரு குழந்தை யார் வண்டி என்று பாராமல் எல்லாப் படிகளிலும் ஏறி இறங்கியது. யாரோ வெங்காயம் வதக்கினார்கள். குளியலறையில் வரிசை. பாறைக்குக் கீழே வெண்மணலும் பச்சை நீரும் அப்படியே இருக்கின்றன. எரிபோலில் பார்த்ததைவிட எதுவும் குறைவில்லை. துணையோடு பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலிக்கு அப்பால், ஆடு ஒட்டக் கறித்த புல்லில், சுண்டுவிரல் உயரத்தில் ஊதாப்பூ ஒன்று. நடுவில் மஞ்சள் கண். பிரிமுலா ஸ்காட்டிகா. ஸ்காட்லாந்தின் வடகரையிலும் ஆர்க்னி தீவுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக முளைக்காத செடி. அதற்கு ஒரு முழம் தள்ளி, ஈரத்தில் ஏறித் திரும்பிய ஒரு கனமான வண்டியின் டயர்த் தடம், புல்லை உரித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு விரல் ஆழம். இந்த ஒரு தடத்தைப் பார்த்த பிறகு, கட்டணம் மிச்சம் என்பதற்காகவே தினமும் வெளியில் நிறுத்துகிறவர்களின் கணக்கில் நான் சேர மாட்டேன். மிச்சமாகும் பவுண்டை வேறு யாரோ, வேறு எதுவோ கட்டுகிறது. ஹைலண்ட் கவுன்சில் 2024இல் ஏழு நாளுக்கு 40 பவுண்டு என்று மோட்டார்ஹோம்காரர்களுக்கு விருப்பக் கட்டணம் ஒன்றைக் கொண்டுவந்ததும் அந்தக் கணக்கை நேர்செய்யத்தான்.

கேம்ப்சைட்டின் கழிவு கொட்டும் இடத்தில் சிறு வரிசை. முன்னால் பெரியவர். பின்னால், சிவந்த முகத்தோடு, அதே பையன். பெரியவர் திரும்பிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். நேற்றைய அடுப்பைப் பற்றியோ நிறுத்திய விதத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. கேசட்டின் குழலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், காற்று போக எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினார். அழுத்தாவிட்டால் காலில் தெறிக்கும். இரண்டு முறை அலசி, நீலத் திரவத்தை மூடியளவு ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடினார்.

“எத்தனை நாளுக்கு ஒருமுறை இங்கே வருவீர்கள்?” என்றான் பையன்.

“இரண்டு இரவு வெளியே, மூன்றாவது இரவு உள்ளே. தொட்டி சொல்வதுதான் கணக்கு. துணியும் அன்றைக்கு மனைவி துவைத்துவிடுவாள், பேட்டரியும் ஏறிவிடும்.”

“நடுவில் வேறு வழி இல்லையா?”

“இருக்கிறது. சில விவசாயிகள் வயலில் ஐந்தே ஐந்து வண்டி விடுவார்கள். வண்டிக்காரர்களின் கிளப்பில் சேர்ந்தால் பட்டியல் கிடைக்கும். தண்ணீர்க் குழாய் ஒன்று, கொட்ட ஒரு குழி. எங்களுக்கு அதுதான் பிடித்தது.”

பெண் வந்து சேர்ந்தாள். கையில் இடத்தின் எண் எழுதிய சீட்டு. பையன் மெல்லக் கேட்டான்: “நாளைக்கு மேற்கே போகிறோம். நல்ல ஒதுக்கிடம் ஏதாவது சொல்லுங்களேன்.”

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. வெளியில் தங்குகிறவர்கள் இடத்தின் பெயரை எளிதில் சொல்ல மாட்டார்கள். சொன்ன இடம் அடுத்த கோடையில் நிரம்பிவிடும், அதற்கடுத்த கோடையில் கம்பி போட்டு அடைத்துவிடுவார்கள்.

“எட்டு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். வீட்டுச் சன்னலுக்கு எதிரே வேண்டாம். மூன்று வண்டி நின்றால் நிறுத்தாமல் போங்கள்.”

“அடுத்த இடத்திலும் மூன்று நின்றால்?” என்றாள் அந்தப் பெண்.

“அன்றைக்கு இதுபோல ஓர் இடத்தில் காசு கட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு, பெரியவர் தண்ணீர்க் குழாயை அவன் கையில் கொடுத்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் பெட்டிகளோடு காத்திருந்தார்கள்.