எந்த டம்ளர்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் என்னை ஒரு காபிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஏசி, சோபா, லேப்டாப்போடு பத்துப் பேர். மெனு அட்டையைப் பார்த்தேன். 'டர்ட்டி சாய் லாட்டே - 290 ரூபாய்.'

"என்னம்மா இது, அழுக்கு டீயா?"

"ஐயோ அப்பா, சத்தமாப் பேசாதீங்க. மசாலா டீயில கொஞ்சம் காபி டிக்காஷன் ஊத்தித் தருவாங்க. இப்ப இதான் ஃபேஷன்."

வந்தது. ஒரு வாய் குடித்தேன். அப்படியே கப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னப்பா, பிடிக்கலையா?"

"இல்ல. இதை எங்கம்மா போட்டுக் குடிச்சிருக்கேன். 1978-ல. கள்ளக்குறிச்சியில."

அவள் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். முதலில் நான் வீட்டில் அதைப் போட்டுப் பார்த்த கதையைக் கேளுங்கள்.

மறுநாள் காலையில் அடுப்படியில் புகுந்தேன். பாலைக் காய்ச்சி, அதில் பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டேன். திரிந்துவிட்டது. அடுத்த பாக்கெட்டை வெட்டினேன். இந்த முறை இஞ்சி இல்லை, எல்லாம் சரியாக வந்தது. கடைசியில், கொதிக்கும்போதே வெல்லத்தைப் போட்டேன். அதுவும் திரிந்தது. மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "290 ரூபாயே மலிவு போலிருக்கே" என்றாள்.

நீங்கள் பாலை வீணாக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை உடைக்கும் என்சைம் ஒன்று இருக்கிறது. இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க விட்டால் அது செத்துவிடும். பிறகு பால் ஊற்றினால் வம்பில்லை. வெல்லத்தில் லேசாகப் புளிப்பு உண்டு. கொதிக்கிற பாலும் புளிப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் வெல்லம் எப்போதும் அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு.

செய்முறை இதுதான். இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அதில் நகக்கண் அளவு சுக்கு, நாலு மிளகு, ரெண்டு ஏலக்காய், ஒரு கிராம்பு எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, முக்கால் டம்ளராகச் சுண்ட விடுங்கள். ஒன்றரை ஸ்பூன் டீத்தூள். இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் கொதித்தால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு வந்துவிடும். ஒரு டம்ளர் காய்ச்சிய பால் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் அணைத்து வடிகட்டுங்கள். கடைசியாகத்தான் ஃபில்டர் டிக்காஷன், ஆளுக்கு இரண்டு ஸ்பூன். டிக்காஷனை மட்டும் கொதிக்க வைக்காதீர்கள். வாசனை போய்க் கசப்புதான் மிஞ்சும்.

கடையில் மிஷின் வைத்து நீராவியால் நுரை எழுப்புகிறார்கள். உங்களிடம் டவராவும் டம்ளரும் இருக்கிறது. நாலு ஆற்று ஆற்றினால் அதே நுரை. 'லாட்டே' என்றால் இத்தாலிய மொழியில் பால். அவ்வளவுதான். இத்தாலியில் போய் 'ஒரு லாட்டே' என்று கேட்டால் வெறும் பாலைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

சரி, பெயருக்கு வருவோம். டீயில் காபி கலந்தால் அது ஏன் 'டர்ட்டி'? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தக் கலவையைச் 'சாம்' என்கிறார்கள். கலந்தது என்று பொருள். ஹாங்காங்கில் 'யுன்யெங்' என்று பெயர். அது இணைபிரியாத ஒரு ஜோடி வாத்தின் பெயர். கணவன் மனைவிக்கு உவமை சொல்வார்களாம். ஒரு ஊரில் ஜோடி, இன்னொரு ஊரில் அழுக்கு. அந்த வார்த்தைதான் என்னை அன்றைக்கு ராத்திரி தூங்கவிடவில்லை.

கள்ளக்குறிச்சி என்றால் இன்று எல்லோருக்கும் 2024 ஜூன் மாதம்தான் ஞாபகம் வரும். விஷச் சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன ஊர். ஊர்க்காரன் எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. நான் பிறந்தபோது அது தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019-ல்தான் தனி மாவட்டம். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை, நீலமாக.

அந்த மலையில் இருப்பவர்களை 'மலையாளி' என்போம். கேரளத்துக்காரர்கள் இல்லை; தமிழ் பேசும் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும், மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. 1976-ல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

அப்பாவுக்குப் புளி மண்டி. வீட்டின் முன்பக்கம் மண்டி, பின்பக்கம் நாங்கள். மலையிலிருந்து புளியும் கடுக்காயும் வரும். ஒரு பெரியவர் கச்சிராயப்பாளையம் வரை நடந்தே இறங்கி, அங்கே பஸ் பிடித்து வருவார். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு குப்பியில் மலைத்தேன்.

எங்கள் வீட்டில் காபி, வியாபாரிகளுக்கும் உறவுக்காரர்களுக்கும். அப்பா பெயர் வெட்டிய ஆறு எவர்சில்வர் டம்ளர்களில். டீ, மூட்டை தூக்குகிறவர்களுக்கும் மலையாட்களுக்கும். திண்ணைச் சுவரோரம் கவிழ்த்து வைத்த அலுமினிய டம்ளர்களில். இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. காபி யாருக்கு, டீ யாருக்கு என்று தமிழ்நாடு பிரித்து வைத்திருந்ததை ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். படித்தபோது எங்கள் திண்ணையைத்தான் பார்த்தேன்.

பெரியவர் டீ குடித்த டம்ளரை அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஒன்பது வயது எனக்கு. சொம்பு அவர் கையில் படாமல், உயரத்திலிருந்து ஊற்றுவேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பழகியதுதான்.

1978 ஐப்பசி. அடைமழை. பால்காரம்மா வரவில்லை. மண்டியில் சேலத்து வியாபாரிகள் இரண்டு பேர், அப்பா, மூட்டைக்காரர் இரண்டு பேர், பெரியவர். ஆறு பேர். அடுப்படியில் ஒரு டம்ளர் பால், இரண்டாம் தண்ணி டிக்காஷன் கொஞ்சம், காலையில் போட்ட டீ மிச்சம். அம்மா ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரையும் ஊற்றினாள். ஒரு கை வெல்லம். ஆறு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றித் தட்டில் வைத்து அவளே கொண்டுபோனாள்.

அலுமினிய டம்ளர்கள் திண்ணையில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. அதனால் எடுக்கவில்லையா, வேண்டுமென்றே எடுக்கவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசிவரை நான் கேட்கவும் இல்லை.

பெரியவர் டம்ளரை வாங்கவே தயங்கினார். வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனார்.

"சூடாயிருக்கு பெரியவரே. வாய் வச்சே குடிங்க" என்றாள் அம்மா.

குடித்தார். "காபியாம்மா, டீயாம்மா?" என்று கேட்டார். "ரெண்டுந்தான்" என்றாள். ஒரு வியாபாரி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அப்பா அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த டம்ளரைத் தனியா எடுத்து வச்சிடு" என்றார். அம்மா ஆறையும் ஒன்றாகப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறும் ஒண்ணாத்தான் கெடக்கு. எதுன்னு பாத்து நீங்களே எடுத்து வச்சிக்குங்க."

அப்பாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறிலும் அவர் பெயர்தான் இருந்தது.

இதோடு முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் திண்ணையில் அலுமினிய டம்ளர்கள் அப்புறமும் பல வருஷம் கவிழ்ந்தே இருந்தன. இன்னொன்றும் உண்டு, இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. அடுத்த நாலைந்து நாள் நான் அந்த ஆறு டம்ளர்களில் எதிலும் குடிக்கவில்லை. பித்தளைச் சொம்பைத் தூக்கிக் குடித்தேன். தேன் மட்டும் இனித்தது. அம்மா கவனித்தாள். திட்டவில்லை. ஒரு சாயங்காலம் ஆறில் ஒன்றில் காபி ஊற்றி என் முன்னால் வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெரியவர் எப்போது வருவதை நிறுத்தினார் என்று ஞாபகம் இல்லை. அவர் பெயரையும் நான் கேட்டுக்கொண்டதில்லை. 2024-ல் அந்த மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்த செய்தியைப் படித்தபோது, ரோடு இல்லை, வசதி இல்லை என்ற வரிகளுக்கு நடுவே அவர் முகத்தைத் தேடினேன்.

மூன்றாவது பாக்கெட் பாலில் எனக்கு அது சரியாக வந்தது. மகள் குடித்துவிட்டு, "கடையை விட நல்லாயிருக்குப்பா" என்றாள். அப்புறம் கதையைக் கேட்டாள். அலமாரியில் தாத்தா பெயர் வெட்டிய டம்ளர்கள் இன்னும் நாலு இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எதுப்பா அது?"

தெரியாது என்றேன். நாலிலும் ஊற்றினேன்.