கீர்த்தனைக்கு நோட்ஸ் கிடையாது

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் பியானோ கற்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் இருப்பது பெரும்பாலும் கீபோர்டுதான், ஆனாலும் அது ‘பியானோ கிளாஸ்’. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுக்கு மூன்று உருப்படிகளை மாதக்கணக்கில் உருப்போடுவார்கள். எட்டாவது கிரேடு முடித்த பெண்ணிடம் விசேஷ வீட்டில், “ஏதாவது வாசிம்மா” என்றால், “புக் எடுத்துட்டு வரலையே ஆன்ட்டி” என்கிறாள்.

இவர்களைப் புத்தகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி எடுக்கும் ஆசிரியர் ஒருவர் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பல வருடங்களாகத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பெயர் போட வேண்டாம் என்றார். வகுப்பு நடப்பது வீட்டில் அல்ல, கோயிலில், சனிக்கிழமை மாலைப் பாடகர் குழு ஒத்திகையில்.

ஏன் அங்கே என்பது போனதும் புரிந்தது. சி.எஸ்.ஐ. கோயில்களில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. பாமாலை என்றால் மேற்கத்திய மெட்டு, நான்கு குரலுக்கும் நோட்டேஷன் இருக்கிறது. கிரேடு படித்த பிள்ளை பார்த்து வாசித்துவிடும். கீர்த்தனை அப்படியல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக ராகங்களில் கட்டியது. புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகம், தாளம் இரண்டும் இருக்கும், அதோடு சரி.

ஏழாவது கிரேடு மாணவி ஒருத்தி உட்கார்ந்தாள்.

“நோட்ஸ் எங்க சார்?”

“மோகனம்னு போட்டிருக்குல்லம்மா, அதுதான் நோட்ஸ்.”

வலது கையில் மெட்டைச் சரியாகப் பிடித்தாள். இடது கை பழக்கப்படி சி மேஜர், எஃப் மேஜர், ஜி மேஜர் என்று போனது. எஃப் வந்ததும் பாடிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் முகம் சுளித்துத் திரும்பிப் பார்த்தார். மோகனத்தில் மத்தியமமும் நிஷாதமும் இல்லை. சி-யை ஆதார சட்ஜமாக வைத்தால் எஃப் மேஜருக்குள் மத்தியமம் உட்கார்ந்திருக்கிறது, ஜி மேஜருக்குள் நிஷாதம். முழுசாக ராகத்துக்குள் அடங்குகிற கார்டு சி மேஜரும் ஏ மைனரும்தான். மேற்கத்திய ஹார்மனியில் கை ஊறிப்போனவர்களுக்கு இது பெரிய நெருக்கடி!

ஆசிரியர் விளக்கவில்லை. அவள் ஜி மேஜர் பிடித்திருந்த இடத்தில் நடு விரலை மட்டும் தூக்கிவிட்டார். நிஷாதம் போய், பஞ்சமமும் ரிஷபமும் மிஞ்சின. பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த சரணத்தில், “மெட்டை விட்டுடு, அதைத்தான் இத்தனை பேர் பாடறாங்களே” என்றார். வலது கைக்கு வேலை இல்லாமல் போனதும் அவள் தவித்தாள். பிறகு வரிக்கும் வரிக்கும் நடுவில் பாடகர்கள் மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் இரண்டு மூன்று சுரங்களைப் போட ஆரம்பித்தாள். அதே கீர்த்தனைக்கு அடுத்து வந்த பையன் இடைவெளியே விடாமல் ஏ மைனரை உடைத்து உடைத்து ஓடவிட்டான். அவனை இவள் மாதிரி வாசி என்று ஆசிரியர் சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

கற்பனை வாசிப்பு நம்முடையது, நோட்டேஷன் வெள்ளைக்காரனுடையது என்று இங்கே பலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. 1747-இல் போட்ஸ்டாம் அரண்மனையில் மன்னர் பிரெடெரிக் கொடுத்த மெட்டை வைத்துப் பாக் அந்த இடத்திலேயே மூன்று குரல் ஃபியூக் வாசித்தார். 1808-இல் வியன்னாவில் தன் கோரல் ஃபேன்டஸி அரங்கேறியபோது பீத்தோவன் பியானோ முன்னுரையை மேடையிலேயே கற்பனையாக வாசித்தார். நம் கச்சேரியில் நிரவலும் கற்பனாஸ்வரமும் இன்றும் கட்டாயம். அவர்கள் வகுப்பறைகளில் அது மெல்ல மெல்ல உதிர்ந்துபோயிற்று, அவ்வளவுதான்.

முழுசாகவும் உதிரவில்லை. டிரினிட்டி தேர்விலேயே ‘இம்ப்ரோவைசேஷன்’ என்று ஒரு சோதனை இருக்கிறது, 10 மதிப்பெண். ஐந்தாம் கிரேடு வரை சைட் ரீடிங், ஆரல், இசை அறிவு, இது ஆகிய நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வகுப்பில் விசாரித்தேன், இதை எடுத்தவர் ஒருவரும் இல்லை. மார்க் போய்விடும் என்று பயம்.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை அந்த நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் ஒன்றாக எடுக்கச் சொல்லுங்கள். நூற்றில் பத்துதான், போனால் போகட்டும்.