ஓய்வுக்குப் பின் ஒரு மேசை

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போய் வருகிறவர்கள் ஜாலான் டிராவர்ஸ் என்ற சாலையைப் பார்த்திருப்பீர்கள். என் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பலகை என் கண்ணில் படும். யாரோ ஒரு துரை என்று நினைத்துக்கொண்டு நடந்துவிடுவேன். நம் நாட்டில் சாலைக்கு வைக்கத் துரைமார் பெயருக்கா பஞ்சம்?

சில வருடங்களுக்கு முன் கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் சபையார் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்புக்குக் கீதம் பாடப் போனார்கள். நானும் போனேன். அந்த டிராவர்ஸ் யார் என்று அங்கேதான் தெரிந்தது. பழைய காலத்தில் சிலாங்கூர் மாநிலத்தின் தலைமை மருத்துவராக இருந்தவர். 1901-இல் கிள்ளானும் புதிதாகத் திறந்த துறைமுகமும் மலேரியாவால் சீரழிந்தபோது, டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியவைத்துக் கொசுவை ஒழித்தார் அல்லவா, அந்தக் காலத்து மனிதர் இவர். பிறகு அரசாங்க வேலையை விட்டுச் சொந்தமாக வைத்தியம் பார்த்தார். அத்தோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் 1920-களில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, கோலாலம்பூரில் தொழுநோயாளர்களை அடைத்து வைத்திருந்த விடுதிக்கு வைத்தியம் பார்க்கப் போனார். சீன வைத்தியர்கள் கையாண்ட ஒரு விதையை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகளுக்குச் சிறை வேண்டாம், வீடும் தோட்டமுமாக ஒரு கிராமம் வேண்டும் என்று வாதாடினார். அப்படி உருவானதுதான் 1930-இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்பு. அங்கே உள்ளவர்கள் வளர்த்த பூச்செடிகளை நம்மில் எத்தனையோ பேர் வாங்கி வந்து வாசலில் வைத்திருக்கிறோம். அங்கும் கொடுமை இல்லாமல் இல்லை. பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வெளியே கொடுத்துவிட்டார்கள். அதை மறைத்து அந்த இடத்தைப் புகழ எனக்கு மனமில்லை.

டாக்டர் டிராவர்ஸ் கதையில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம். அந்த வயதில் அவர் வேறு தொழில் எதையும் தேடிப் போகவில்லை. செய்து பழகிய அதே வைத்தியத்தை, மற்றவர்கள் போக அஞ்சிய இடத்துக்குக் கொண்டுபோனார். அவ்வளவுதான். இது எனக்கு ஏன் உறைத்தது என்று சொல்கிறேன்.

நான் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். செக்ரோல் எழுதுவது, பால் கணக்குப் போடுவது, சம்பள நாளில் கைநாட்டு வாங்குவது, மலாயிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதுவது, இவைதான் என் தொழில். தோட்டம் 1996-இல் கைமாறி வீடமைப்புக்குப் போனது. டவுனில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதினேன். 2004-இல் ஐம்பத்தைந்து வயதானது. சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அந்த நான்கு வருடத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரே பத்திரிகையை இரண்டு தடவை படிப்பேன். உப்பு ஜாடி ஏன் இடம் மாறியது என்று மனைவியிடம் சண்டை பிடிப்பேன். சபையில் நிர்வாகக் குழுவுக்கு என்னைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று ஓர் எண்ணம் இருந்தது. கணக்குத் தெரிந்தவன் வேறு யார் என்று மனதுக்குள் பெருமை. தேர்ந்தெடுக்கவில்லை. அன்றிலிருந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே எழுந்து போய்விடுவேன். மோசே எண்பது வயதில் பார்வோன் முன் போய் நின்றதைப் பிரசங்கத்தில் கேட்கும்போது எரிச்சல்தான் வரும். அவருக்கு எரியும் முட்செடி தெரிந்தது. எனக்கு என்ன தெரிந்தது?

எனக்குத் தெரிந்தது ஒரு பாரம்.

2008-ஆம் ஆண்டு. கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஜெபக்கூட்டம். முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். லாரியில் உதவியாள் வேலை. இருபத்தைந்து வயது. கையில் மலாயில் அச்சிட்ட பாரம். "ஐயா, எனக்கு சூராட் பெரானாக் கிடையாது. ஐசியும் கிடையாது. இதை எழுதித் தர முடியுமா?" என்றான். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். வீட்டிலேயே பிறந்தானாம். அவன் தாய் தோட்டத்து ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தாளாம். "கிராணி எழுதிக் கொடுக்கல. அப்புறம் வேற தோட்டத்துக்குப் போயிட்டோம்."

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அவன் சொன்ன பெயரைக் கேட்டதும் கையிலிருந்த தேநீர் ஆடியது. 1983-இல் அந்த ஆபீசில் இருந்த கிராணி நான்தான்.

நினைவுபடுத்திப் பார்த்தேன். சம்பள நாள், வரிசை நீளம், துரை அவசரப்படுத்துகிறார், ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு நிற்கிறாள். "அடுத்த மாதம் வா" என்றிருப்பேன். அப்படி எத்தனை பேரிடம் சொன்னேனோ, எனக்குக் கணக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியவனிடம் அதற்கு மட்டும் கணக்கு இல்லை.

அன்றிரவு அவனிடம் சொல்லத் துணிவு வரவில்லை. மூன்றாம் நாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவன் தாய். இருபத்தைந்து வருடம் கழித்தும் அந்த அம்மாளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்க கிராணியாரே" என்றார். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன். மகன் தலைகுனிந்து நின்றான். அந்த அம்மாள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "இப்பவாச்சும் எழுதுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எழுதினேன். வாசகர்களே, பிள்ளை பிறந்ததும் பதிவது சுலபம். குறித்த நாள் தாண்டிவிட்டால் அது ஒரு மலையேற்றம். தாய் தகப்பன் அடையாள அட்டை வேண்டும், திருமணப் பதிவு வேண்டும், பிறந்ததற்குச் சாட்சி வேண்டும். பிரசவம் பார்த்த மருத்துவச்சி இறந்துவிட்டாள். திருமணம் கோவிலில் தாலி கட்டியதோடு சரி. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைச் சட்டப்படி பதிவு செய்யவேண்டும் என்று வந்ததை லயத்தில் எத்தனை பேர் அறிந்தார்கள்? அறிந்திருந்த ஆள் ஆபீசுக்குள் உட்கார்ந்திருந்தேன், சொல்லவில்லை. கடைசியில் அந்த அம்மாள் அரிசி டின்னுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். குழந்தைக்கு ஊசி போட்ட அட்டை. ஓரமெல்லாம் கரையான் தின்றது, தேதி மட்டும் தெளிவாக இருந்தது. அதை வைத்துத்தான் வழி பிறந்தது. அப்படியும் சான்றிதழ் கையில் வர நான்கு வருடம் ஆனது.

அவன் ஒருவனுக்கு எழுதப் போய், பக்கத்து புளோக்கிலிருந்து ஆள் வந்தது. போதகரிடம் கேட்டேன். சனிக்கிழமை மாலையில் ஆலய மண்டபத்தின் பின்பக்கம் ஒரு மடக்கு மேசை போட அனுமதித்தார். கறுப்புப் பேனா, ஸ்டேப்ளர், போட்டோஸ்டாட்டுக்குச் சில்லறை. இதுதான் என் ஊழியம். 2011-இல் ஆவணம் இல்லாத இந்தியர்களுக்காக மைடஃப்தார் என்ற பதிவு இயக்கம் நடந்தபோது, மேசையைச் சுற்றி நிற்க இடமில்லை.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் நெற்றியில் திருநீறோடு வருகிறவர்கள். அதைப் பற்றிச் சபையில் ஒருவர் கேட்டார், "இதனால் எத்தனை பேர் ஆலயத்துக்கு வந்தார்கள்?" என்று. என்னிடம் பாரக் கணக்குதான் உண்டு, ஆத்துமாக் கணக்கு ஆண்டவரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் துடுக்குத்தான். ஆனாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

என் நண்பர் ஒருவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போது பிரிக்பீல்ட்ஸில், பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பகுதியில், வெள்ளைக் கோலோடு வருகிறவர்களுக்கு ஜாலான் துன் சம்பந்தனைக் கடக்கத் துணை போகிறார். "முப்பது வருசம் ஆளை ஏத்தி இறக்கினேன், இப்பவும் அதேதான்" என்கிறார். ஐம்பதுக்கு மேல் என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு, "இதுவரை சம்பளத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பது இவரைப் பார்த்துத்தான். வேதாகமக் கல்லூரிக்குப் போகலாமா, மிஷன் பயணம் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் உங்கள் பழைய ஆபீஸ் வாசலில் யாரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து நினைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. எழுதும்போது கை நடுங்குகிறது. அந்த லாரிப் பையன், இப்போது நாற்பதைத் தாண்டிய தகப்பன், சனிக்கிழமைகளில் வந்து வரிசையைப் பார்த்துக்கொள்கிறான். மலாயும் நன்றாக எழுதுகிறான். எனக்குக் கோப்பி வாங்கித் தருவான், சீனி குறைவாக.

போன வாரம் ஒரு பாட்டி வந்தார். எண்பது வயது. இன்னமும் சிவப்பு ஐசி. பிறந்த தோட்டம் பந்திங் பக்கம், ஆற்றங்கரையில், ஆபீசுக்கு எதிரே பெரிய புளியமரம் என்று மட்டும் நினைவிருக்கிறது. தோட்டத்தின் பெயரைத் தமிழில் "புளியமரத்துத் தோட்டம்" என்கிறார், ஆங்கிலப் பெயர் தெரியவில்லை. அந்தப் பக்கம் கிராணியாகவோ மண்டோராகவோ இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய செக்ரோல் எங்கேனும் கிடக்கிறதா என்று பாருங்கள். பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதினால் போதும், நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.